17 வயதில் வீட்டுச் சாவி: எந்த வழியில் போனால் யார் கைக்கு?

“மேடம், அமெரிக்காவுல பிள்ளைங்களே கோர்ட்டுக்குப் போயி அப்பா அம்மாகிட்ட இருந்து பிரிஞ்சு வந்துடலாமாமே. இங்க அந்த மாதிரி இருக்கா?”

கேட்டவளுக்கு வயது 17 வருடம் நான்கு மாதம். பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். தோழியின் அம்மா என் வக்கீல் ஆபீசுக்கு அழைத்து வந்திருந்தார். “நீங்க பேசுங்க” என்று சொல்லிவிட்டு அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அவள் சொன்னதில் பெரிய கொடுமை என்று ஒன்று இல்லை. சின்னச் சின்னதாக நிறைய இருந்தது. அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை அப்பா ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றிவிட்டார். இரவு எட்டு மணிக்கு மேல் போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வாட்ஸ்அப் சோதனை. வெளியூர்க் கல்லூரி என்ற பேச்சே கிடையாது. உள்ளூரில் அப்பா காட்டுகிற கல்லூரியில் பி.காம். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை.

“அடிப்பாரா?”

“எட்டாவது படிக்கறப்ப ஒரு தடவ. அப்புறம் இல்ல.”

“ஜாதகம் எடுத்திருக்காங்களா?”

“இல்ல மேடம். டிகிரி முடிக்கட்டும்னுதான் சொல்றாரு.”

இந்த இரண்டு கேள்விகளும் பேச்சுக்குக் கேட்டவை இல்லை. இவற்றுக்கு வேறு பதில் வந்திருந்தால் நான் அவளுக்குச் சொன்னது முழுக்க வேறாக இருந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவள் கேட்ட அமெரிக்க விஷயம்.

அங்கே அதற்கு எமான்சிபேஷன் என்று பெயர். 18 வயது ஆவதற்கு முன்பே ஒருவரைப் பல காரியங்களுக்கு மேஜராக நீதிமன்றம் அறிவிப்பது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால், மனு போடுகிறவருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோரை விட்டுத் தனியாக வசித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி வசிப்பதற்குப் பெற்றோர் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது ஆட்சேபிக்காமலாவது விட்டிருக்க வேண்டும். தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரவு சட்டத்துக்கு உட்பட்ட வழியில் வந்ததாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேல், உத்தரவு கொடுத்தால் அந்தப் பிள்ளையின் நலனுக்குக் கெடுதல் வராது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். கிடைத்துவிட்டால் வாடகை ஒப்பந்தத்தில் தானே கையெழுத்துப் போடலாம், சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம், சம்பளம் தன் கைக்கே வரும். ஓட்டுப் போட முடியாது, மது வாங்க முடியாது.

பெற்றோரின் சம்மதம் பற்றிய நிபந்தனையை அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். தாழ்ப்பாளைக் கழற்றுகிற அப்பா, மகள் தனியாக வீடு எடுத்துத் தங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? பிள்ளையைக் கைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற பெற்றோரிடமிருந்து தப்பிக்க அந்தச் சட்டம் அவ்வளவு எளிதாக உதவாது. ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட, சம்பாதிக்கிற பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் 14 வயதுப் பெண்ணாக இருந்த டொமினிக் மொசியானு, 1998-இல் டெக்சாஸ் மாநிலத்தில் இப்படி ஓர் உத்தரவு வாங்கினார். அப்போது அவருக்கு 17 வயது. தன் சம்பாத்தியத்தைப் பெற்றோர் வீணாக்கிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவரிடம் சம்பாத்தியம் என்று ஒன்று இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: உத்தரவு வந்த நாளிலிருந்து பிள்ளையைப் பராமரிக்கிற கடமையிலிருந்து பெற்றோரும் விடுதலை ஆகிறார்கள். சாவி உன் கைக்கு வரும். வாடகையும் அரிசியும் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்தே வரும்.

நம் நாட்டில் இந்தக் கதவே இல்லை. 1875-ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டம் 18 என்று ஒரு கோடு கிழித்திருக்கிறது. நீ எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று பார்த்து அந்தக் கோட்டை முன்னால் இழுக்க எந்த நீதிபதிக்கும் வழியில்லை. 18-ஆவது பிறந்தநாள் தொடங்குகிற அந்த நேரத்திலேயே மேஜர் என்று அதே சட்டம் சொல்கிறது. கேக் வெட்டும்வரை காத்திருக்க வேண்டாம். நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்பு இது 21 வயதாக இருந்தது. 1999-இல் திருத்தம் செய்து எல்லோருக்கும் 18 ஆக்கினார்கள்.

அதுவரை மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-இல் மொஹோரி பீபி வழக்கில், அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. வாடகை வீட்டுக்காரர்கள் பலரும் அந்த வழக்கைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் “அப்பாவ கூட்டிட்டு வாம்மா” என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் அவளுக்கு என்னதான் இருக்கிறது? ஒவ்வொரு வழியைப் பார்க்கும்போதும் நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வேன். அப்பாவின் இடுப்பிலிருந்து சாவி கழன்றால், அது யார் கைக்குப் போகிறது? உன் கைக்கே வரும் என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மோசமானதை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். வீட்டை விட்டு ஓடுவது. வீட்டை விட்டுப் போனதற்காக 17 வயதுப் பிள்ளை மீது குற்ற வழக்கு வராது. வம்பு அடைக்கலம் கொடுத்தவருக்குத்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவில், 18 வயதுக்குக் கீழ் உள்ள எந்தப் பிள்ளையையும் சட்டப்படியான காப்பாளரின் சம்மதம் இல்லாமல் அவர் பொறுப்பிலிருந்து அழைத்துச் செல்வதோ ஆசை காட்டிக் கூட்டிச் செல்வதோ கடத்தல். தண்டனை ஏழு ஆண்டு வரை போகும். பழைய சட்டத்தில் பையன்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று இருந்தது. 2024 ஜூலை முதல் இருவருக்கும் 18தான்.

இதில் நம் சென்னையிலிருந்தே போன ஒரு பழைய வழக்கு உண்டு, சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது: வரதராஜன் எதிர் சென்னை மாநிலம். 1960-இல் நுங்கம்பாக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர், 18 ஆகச் சில வாரங்களே இருந்தபோது, தன்னை விட்டுவைத்திருந்த உறவினர் வீட்டிலிருந்து தானே கிளம்பி, தானே போன் செய்து, தான் விரும்பியவரை வரச்சொல்லி, அவரோடு போய்த் திருமண ஒப்பந்தம் பதிவு செய்துகொண்டார். அந்த இளைஞருக்குக் கீழ்க் கோர்ட்டுகளில் தண்டனை. 1964-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர் கூட்டிப் போகவில்லை, விவரம் தெரிந்த அந்தப் பெண்தான் தானாக வந்தார், கூடப் போவதும் கூட்டிப் போவதும் வேறு வேறு என்றது தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை நம்பிக்கொண்டு யாரும் இன்று கிளம்ப வேண்டாம். அந்த இளைஞர் விடுதலையாக நான்கு வருடம் ஆனது. இப்போது அதற்கு மேல், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் இருக்கிறது. 18-க்குக் கீழ் உள்ளவரின் சம்மதத்தை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

கல்யாணம் செய்துகொண்டு போய்விடலாம் என்பது இதன் இன்னொரு வடிவம். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, ஆறாவது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். திருமணமான மைனர் பெண்ணுக்கு இயற்கைக் காப்பாளர் யார் தெரியுமா? கணவன். குழந்தைத் திருமணம் குற்றம் என்று ஒரு சட்டம் சொல்கிறது, நடந்துவிட்டால் சாவியைக் கணவனிடம் கொடு என்று இன்னொரு சட்டம் அச்சில் இன்னும் வைத்திருக்கிறது. அப்பாவிடமிருந்து விடுபடக் கணவனிடம் போன பெண்கள் சிலர், இரண்டு வருடம் கழித்து விவாகரத்துக் கேட்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் நான் இந்தப் பிரிவைச் சொல்வதில்லை.

சரி, சட்டப்படி இருக்கிற முதல் உண்மையான வழி, குழந்தைகள் நலக் குழு. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி மாவட்டத்தில் அமைக்கப்படுவது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. கூட இருக்கிறவரே பிள்ளையைக் காயப்படுத்தினாலோ, துன்புறுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, 18-க்கு முன் கல்யாணம் செய்துவைக்கப் போகிறார்கள் என்ற அபாயம் இருந்தாலோ அந்தப் பிள்ளை ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ ஆகிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும். போலீஸ், ஆசிரியர், நர்ஸ் யாரும் அழைத்துப் போகலாம். பலருக்குத் தெரியாத விஷயம், பிள்ளை தானே குழுவின் முன்னால் போய் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது. அப்பா அம்மா துணை வேண்டாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது.

குழு சமூக விசாரணை அறிக்கை கேட்கும். அதற்கு 15 நாள். நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். அதற்குள் பிள்ளையை இல்லத்திலோ, தகுதியானவர் என்று குழு ஏற்றுக்கொண்ட ஒருவரிடமோ வைக்கலாம். இதில் சாவி குழுவின் கைக்குப் போகிறது, அங்கிருந்து இல்லத்தின் கண்காணிப்பாளர் கைக்கு. இதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. தாழ்ப்பாள் இல்லாத அறையிலிருந்து தப்பி வருகிற பெண்ணுக்கு இல்லத்தில் இருபது பேர் படுக்கிற கூடம் கிடைக்கலாம். பெரும்பாலும் போன் இருக்காது. வெளிக் கேட்டில் பூட்டு இருக்கும். இன்னொன்று, இந்தச் சட்டம் பிள்ளையைக் குடும்பத்தோடு திரும்பச் சேர்த்துவைப்பதைத்தான் முதல் நோக்கமாக வைத்திருக்கிறது. போன் பிடுங்கினார், பி.காம் படிக்கச் சொன்னார் என்று போய் நின்றால், குழு அப்பாவை வரவழைத்து அறிவுரை சொல்லி மகளை அவரோடு அனுப்பிவைக்கவே வாய்ப்பு அதிகம். திரும்பிப் போகிற வீடு முன்பு இருந்த வீடாக இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், அடி விழுகிற வீடு என்றால், தவறாகத் தொடுகிற கை ஒன்று வீட்டில் இருக்கிறது என்றால், ஜாதகம் கைமாறிவிட்டது என்றால், மற்ற வழிகளை எடை போட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அன்றைக்கே 1098. கூடம் நெருக்கடியாக இருந்தாலும், கேட்டில் பூட்டு இருந்தாலும் சரி. முதல் நாள் அவளிடம் அந்த இரண்டு கேள்வி கேட்டது இதற்காகத்தான். இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியே வருகிறவர்களுக்குப் பின்தொடர் பராமரிப்பு என்ற பெயரில் 21 வயது வரை உதவி தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, காப்பாளரை மாற்றுவது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் பொறுப்பிலுள்ளோர் சட்டத்தில் பாட்டியோ, மாமாவோ, அத்தையோ நீதிமன்றத்துக்குப் போய் “இந்தப் பிள்ளைக்கு என்னைக் காப்பாளராக நியமியுங்கள்” என்று கேட்கலாம். பிள்ளை தானே கேட்க முடியாது. மனு போடக்கூடியவர்கள் பட்டியலில் காப்பாளராக விரும்புகிறவர், உறவினர், நண்பர், கலெக்டர் எல்லாம் உண்டு, மைனர் இல்லை. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்பா உயிரோடு இருக்கிறார், தகுதியற்றவர் என்றும் சொல்ல முடியாது என்றால் வேறொருவரை நியமிக்கக் கூடாது என்று 19-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. கண்டிப்பானவர் என்பதால் மட்டும் ஓர் அப்பாவை எந்த நீதிபதியும் தகுதியற்றவர் என்று எழுத மாட்டார். அப்பா இல்லாத, அம்மாவும் கவனிக்காத, சொத்து மட்டும் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வழி நன்றாக உதவும். இவளுக்கு உதவாது. எட்டு மாதத்தில் 18 ஆகப்போகிறவளுக்காக இந்த மனுவைப் போட்டால், அவள் மேஜர் ஆகும் நாளில் வழக்கு வாய்தாவில் இருக்கும். அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் உறுத்தும்: காப்பாளரை விட்டுப் போன பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க நீதிமன்றம் ‘கைது’ செய்யச் சொல்லலாம். 1890-இல் எழுதிய வார்த்தை, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகாமல் அத்தை வீட்டில் போய்த் தங்குவது? அப்பாவும் தலையாட்டினால் அதற்கு எந்த மனுவும் வேண்டாம். எத்தனையோ குடும்பங்களில் கோடை விடுமுறைக்குப் போன பிள்ளை அங்கேயே தங்கிப் படித்து முடித்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த ஏற்பாட்டில் நடந்த நல்ல காரியங்கள் நிறைய.

இதை ஒட்டித்தான் நான் அவளுக்குச் சொன்ன வழி வருகிறது. விடுதி. கேட்டதும் முகம் சுருங்கியது. “அது அப்பா கையெழுத்துப் போட்டாத்தானே மேடம்?” ஆமாம், போட்டால்தான். விடுதலை கேட்டு வந்தவளிடம் அப்பாவிடமே அனுமதி வாங்கு என்று சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விடுதியில் சாவி வார்டன் கையில். மாலை ஆறரைக்கு வருகைப் பதிவு, ஞாயிறு மட்டும் வெளியே போக அனுமதி, அதற்கும் ஒரு நோட்டில் கையெழுத்து. எல்லாம் கட்டுப்பாடுதான். வித்தியாசம் என்னவென்றால் வார்டனுக்கு நூறு பேர். உன் வாட்ஸ்அப்பைப் படிக்க அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு யாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்காத நான்கு சுவர் கிடைப்பது பாதி விடுதலை.

அதோடு, எமான்சிபேஷனில் நின்றுபோகிற பணம் இங்கே நிற்காது. பீஸ் அப்பா கட்டுவார். கட்ட முடியாத வீடு என்றால், உணவும் இடமும் தருகிற அரசு விடுதிகள் இருக்கின்றன; 2025 ஜூலையிலிருந்து அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் யாரிடமும் கேட்காமல் வருகிற முதல் ஆயிரம் அது.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது? ‘எனக்குச் சுதந்திரம் வேணும்’ என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்து, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி கேட்க வேண்டும். பெண்கள் மட்டும் படிக்கிற கல்லூரி, வளாகத்துக்குள்ளேயே விடுதி, அத்தை வீடு இருக்கிற ஊர், படித்து முடித்ததும் வேலை. நர்சிங்கில் இந்த நாலும் அமைவது கஷ்டம் இல்லை. அப்பா மதிக்கிற ஓர் ஆள் எல்லா வீட்டிலும் இருப்பார், ஸ்கூல் எச்.எம்., பெரியப்பா, கடை முதலாளி என்று யாராவது. அவர் மூலமாகப் பேச்சு போக வேண்டும். வக்கீல் மூலமாகப் போகவே கூடாது. என் லெட்டர்பேடில் ஒரு நோட்டீஸ் அந்த வீட்டுக்குப் போனால், அன்றைக்கே அவளுக்குப் படிப்பு நின்றுவிடும். கிடைக்கிற பீஸை விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன், நம்பலாம்.

அப்பா முடியாது என்று சொல்லிவிட்டால்? அப்போது மிச்சம் இருப்பது, காத்திருப்பது. இவள் விஷயத்தில் எட்டு மாதம். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் இதுதான் எமான்சிபேஷனுக்கு மிகப் பக்கத்தில் வருகிற வழி. நீதிமன்றமே போகாமல், மனுவே போடாமல், ஒரு நள்ளிரவில் சாவி தானாக அவள் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு ‘மகளைக் காணவில்லை’ என்று அப்பா புகார் கொடுத்தாலும், ஆட்கொணர்வு மனுவே போட்டாலும், நீதிபதி அவளிடம் கேட்கப்போவது “வயசு என்ன, உன் விருப்பத்துலதான் இருக்கியா?” என்பதுதான். 2018-இல் சோனி ஜெர்ரி வழக்கில் மகள் குவைத்தில் அப்பாவோடு இருக்க விரும்பினார், அம்மா தன்னோடு வேண்டும் என்றார். மகள் மேஜர், எங்கே இருப்பது என்பது அவர் முடிவு, நீதிமன்றம் தன்னைப் பெற்றோருக்கும் மேலான காப்பாளராக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021-இல் ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், இப்படிப்பட்ட காணவில்லை புகார்களில் சம்பந்தப்பட்டவர்கள் மேஜர், விருப்பத்தோடுதான் சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று நம் உயர் நீதிமன்றமே போலீசுக்கு வழிகாட்டியது.

ஆனால் சட்டம் கொடுக்கிற சாவி கேட்டுக்கு மட்டும்தான். பீரோ சாவி அப்பாவிடமே இருக்கும். பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், டி.சி. எல்லாம் அந்த பீரோவில்தான் இருக்கின்றன. 18 ஆனதும் கிளம்பி வந்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டது இங்கே. சான்றிதழ் இல்லாமல் கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. டூப்ளிகேட் வாங்கலாம், அலைச்சல் அதிகம். அதனால் எட்டு மாதம் சும்மா காத்திருக்கக் கூடாது. எதையும் திருட வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்துக்கு என்று எப்படியும் எல்லாம் வெளியே வரும், அன்றைக்கு ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மெயிலிலும் போட்டு வைத்துக்கொண்டால் போதும். ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்பா நம்பர் என்றால் ஓ.டி.பி. எல்லாம் அங்கே போகும்.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட மைனர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாஸ்புக் அவள் பெயரில் இருந்து, மெசேஜ் அப்பா போனுக்குப் போனால் அது அப்பா கணக்குதான்.

காத்திருப்பதில் நான் பார்த்த பெரிய ஆபத்து வேறு. கோபத்தில் “பதினெட்டு ஆகட்டும், பாத்துக்கறேன்” என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிடும். அன்றிலிருந்து வீட்டுக்கும் தேதி தெரிந்துவிடும். 17-ஐத் தாண்டிய பெண்ணுக்குத் திடீரென்று மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பது பல வீடுகளில் இந்த வார்த்தைக்குப் பிறகுதான். அப்படி ஆரம்பித்துவிட்டால் கணக்கு மாறிவிட்டது, திரும்ப மேலே 1098-க்குப் போங்கள். 18 முடிந்த பிறகும் பூட்டி வைத்தாலோ மிரட்டினாலோ, குடும்ப வன்முறைச் சட்டம், 2005 கணவனிடமிருந்து காக்க மட்டும் வந்தது இல்லை. மகளும் அதில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181-இல் பேசினால் வழி சொல்வார்கள். ஜில்லா கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். அதன் எண் 15100. என்னை மாதிரி ஆளைத் தேடி, தோழியின் அம்மா ஆட்டோ பிடித்து வர வேண்டியதில்லை.

நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவளே கேட்டாள். “எட்டு மாசம் கழிச்சு நான் போயிட்டா, அதுக்கப்புறம் அப்பாகிட்ட ஒண்ணுமே கேக்க முடியாதா?” சட்டப்படி முழுக்க அப்படி இல்லை. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத திருமணமாகாத இந்து மகள், மேஜர் ஆன பிறகும் அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்க 1956-இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் இடம் உண்டு. 2020-இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. அப்பா மேல் கேஸ் போட்டுக்கொண்டே அந்தப் பணத்தில் படிப்பது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம். அவளும் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ரிசல்ட் வந்த மறுவாரம் மறுபடி வந்தாள், இந்தத் தடவை தனியாக, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு. நர்சிங் கல்லூரி விண்ணப்பமும் விடுதி விண்ணப்பமும் உள்ளே இருந்தன. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தாள், பெற்றோர் கையெழுத்து என்ற கட்டத்தைத் தவிர. அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அத்தையின் நம்பர். “அப்பா கேட்டா?” என்றேன்.

“அத்தை அப்பாவுக்கு அக்கா மேடம். ஞாயித்துக்கெழம வராங்க. அவங்க முன்னாடி அப்பா உக்காரக்கூட மாட்டாரு.”